துரையின் மணிக்கட்டுக்குப் போன ஆட்டுக்கல்

சிம்பாங் ரெங்கம்,
1934, ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புத் தமக்கை ராசம்மாளின் சமூகத்துக்குத் தம்பி தங்கராஜு வணக்கமாய் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், அம்மாவின் ஆட்டுக்கல்லும், தோட்டத்தில் பாக்கி உள்ளவர்களும் முருகன் கிருபையால் சேமம். அவ்விடம் நீயும், அத்தானும், உங்கள் மகள் சின்னவளும் சேமமாக இருக்க நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். நாள்தோறும் என்பது எழுத்துக்காக. நினைப்பு வருகிறபோது வேண்டிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு ஒரு விண்ணப்பம். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொறுமை கிடையாது, நீங்கள்தான் வாசித்துக் காட்டப் போகிறீர்கள். அதற்கு முன்னால் அவள் கையில் கரண்டியோ விறகோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் தூரத்தில் இருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். தம்போயில் செங்கல் சூளைக்காரன் அத்தானுக்குக் கொடுத்த வீட்டில் இப்போதுதான் கல் போட இடம் கிடைத்திருக்கிறது, ஐயாசாமி அண்ணனின் ரப்பர் லாரியில் ஏற்றித் தீபாவளிக்கு முன்னால் அனுப்பிவிடு என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாய். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் கல் வராது. ஏன் வராது என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

நான் ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை விட்டது முதல் (அதைப் பற்றி நாம் பேசி முடித்தாயிற்று, அத்தான் இந்த இடத்தில் நிறுத்தாமல் வாசிக்கவும்) ஆபீசில் பியூனாக இருந்தேன், கணக்கெழுதுகிற கிராணியோடு சண்டை. ரப்பர் தட்டு காய வைக்கிற புகைவீட்டில் விறகு போட்டேன், புகையோடு சண்டை. கடைசியில் துரைமார் க்ளப்பில் நம் பெரிய துரை மெக்ரேயின் குச்சிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். கோல்ப் என்று ஒரு விளையாட்டு. வேறொன்றுமில்லை, கோழிமுட்டை அளவு பந்தை ஒரு குச்சியால் அடித்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு குழிக்குள் போட வேண்டும். குழியைப் பக்கத்தில் வெட்டிக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று ஒருநாள் துரையிடம் சொன்னேன். அவருக்கு அன்றைக்குப் பந்து பத்தடி கூடப் போகவில்லை.

அதுதான் பிரச்சினை. பந்து போகாது. பக்கத்துத் தோட்டத்து ஹாக்கின்ஸ் துரை அடித்தால் சிம்பாங் ரெங்கத்தில் அடித்தது எங்கோ இருக்கிற சாஆ ஊரில் போய் விழும் போல இருக்கும். நம் துரை அடித்தால் புல்தான் பறக்கும். ஒருநாள் க்ளப்பில் எல்லார் முன்னாலேயும் ஹாக்கின்ஸ் நம் துரையின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்து, அகப்பைக் காம்பு இதைவிடத் தடிப்பு என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒன்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு கதை. ஆனால் நான் தூக்குகிற பை அவருடையது.

அப்புறம் சீமையிலிருந்து கப்பலில் ஒரு பத்திரிகை வந்தது. முன்னங்கையும் மணிக்கட்டும் உரம் ஏறினால்தான் பந்து பறக்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. ரப்பர் பந்தைக் கையில் வைத்துப் பிசையச் சொன்னது. ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம், பாலை உறைய வைத்து ஒரு உருண்டை செய்து கொடுத்தோம். அது நாறிய நாற்றத்துக்கு நாய் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஈரத் துவாலையை முறுக்கச் சொன்னது. முறுக்கினார், கிழிந்தது, இன்னொன்று முறுக்கினார், அதுவும் கிழிந்தது, மூன்றாம் நாள் பங்களாவில் குசினியில் சமைக்கிற ஹைனான் சீனர் ஆ செங் துவாலையெல்லாம் அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டார். கழியில் கயிறு கட்டி, கயிற்றில் செங்கல் கட்டி, கழியை உருட்டி உருட்டிச் செங்கல்லை மேலே ஏற்றச் சொன்னது. ஏறியது. இறங்கும்போது துரையின் கால் பெருவிரலில் இறங்கியது.

கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் வாய் சும்மா இருந்திருக்கலாம். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "தொரை, மணிக்கட்டுன்னா எங்க அக்கா மணிக்கட்டைப் பார்த்திருக்கணும் நீங்க" என்றேன்.

நீ தோட்டத்தில் இருந்தபோது ஒருநாள் உருளை எந்திரத்தில் ரப்பர் தட்டு சிக்கிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? தடியன் தடியனாக ஆம்பிளைகள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியும் அசையவில்லை. நீ பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "தள்ளி நில்லுங்க" என்று ஒரே கையால் ஒரு திருகுத் திருகினாய். தட்டு அந்தப் பக்கம் வெற்றிலை மாதிரி வந்து விழுந்தது. கங்காணி வாயைப் பிளந்தான். நீ ஒன்றும் நடக்காதது போல வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய், ஆனால் கொஞ்சம் இடுப்பை ஆட்டிக்கொண்டு போனாய், நான் பார்த்தேன். துரையிடம் இதைச் சொல்லி, "அது எல்லாம் ஆட்டுக்கல்லு குடுத்த பலம், தொரை" என்றேன்.

துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர், ஆனால் பேசுவதெல்லாம் கங்காணியிடம் பிடித்த தமிழ். "அந்தக் கல்லு எங்கே இருக்குது?" என்றார்.

"எங்க வீட்டுலதான், தொரை."

"நாளைக்கு கொண்டா."

அப்படித்தான் அக்கா, அம்மாவின் கல்லை நாலு பேர் தூக்க, அது மாட்டு வண்டியில் ஏறிப் பங்களாவுக்குப் போயிற்று. திருட்டு இல்லை, விற்பனை இல்லை, ஒரு கைமாற்று. வெறுங்கல்லை ஆட்டக் கூடாது என்று சொல்லி அரிசியும் உளுந்தும் ஊறப் போடச் சொன்னேன். ஆ செங் ஊறின உளுந்தைப் பார்த்து, "அலமாக், இதை எந்தக் குதிரைக்குப் போடுறது?" என்று மலாயில் கேட்டார். துரை அரைக்கால் சட்டையோடு சம்மணம் போட்டார், போட முடியவில்லை, காலை நீட்டிக் கல்லை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையால் ஆட்டி மறு கையால் மாவைத் தள்ளிவிட வரவில்லை, இரண்டு தடவை விரலை நசுக்கிக்கொண்டார். "நீ தள்ளு. நான் ஆட்டுறது" என்றார்.

நான் உட்கார்ந்தேன், கையை விட்டேன், குழவி சுற்றி வருவதற்கு முன்னால் ஒரு தள்ளு, எடு, ஒரு தள்ளு, எடு. என் கை அதை மறக்கவே இல்லை, அக்கா. பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்று விடாமல் மறந்துபோச்சு, இது மறக்கலே.

அம்மா கண்ணை மூடிய வருஷம் உனக்கே பன்னிரண்டோ பதிமூன்றோ. குழவியைச் சுற்ற உனக்கு ரெண்டு கையும் வேணும், அதனால் தள்ளிவிட என்னை உட்கார வைத்தாய். நீ ரப்பர்ப் பால் எடுக்கிற வெட்டுக்காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு வருவாய், குளித்தாலும் கையில் பால் வாடை போகாது, அந்த வாடையும் உளுந்து வாடையும் சேர்ந்து ஒன்று வரும் பார், அதுதான் எனக்குச் சாயங்காலம். லயத்து வரிசையில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டுக் கல்லும் சத்தம் போடும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குரல். நம் கல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'கிறுக்' என்று முனகும், கோழியெல்லாம் நம் வாசலுக்கு வந்து நிற்கும். நீ ஆட்டிக்கொண்டே அன்றைக்குக் காட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று எல்லார் குரலிலும் பேசிக் காட்டுவாய். கிராணி மாதிரி மூக்கால் பேசுவாய். நான் சிரித்து விரலை விட்டுவிடுவேன், குழவி ஏறிவிடும், உடனே, "டேய், கதையக் கேக்குறது காது. விரலுக்கு என்ன வேலை அங்க?" என்று ஒரு அடி. அடித்த கையாலேயே விரலை வாயில் வைத்து ஊதுவாய். நான் படிக்கப் போனபோது ஹாஸ்டலில் முதல் சாயங்காலம் ஒரே அமைதி. என்னமோ குறையுதே குறையுதே என்று தேடினேன். அது அந்த 'கிறுக்'தான். இதை உன்னிடம் சொன்னதில்லை. அத்தான், இதை வேகமாக வாசித்துவிடுங்கள், அவள் அழுவாள், அப்புறம் அதற்கும் எனக்குத்தான் திட்டு விழும்.

துரை சாயங்காலம் தவறாமல் ஆட்டினார். மாவு ஆறாய் ஓடியது. அதை என்ன செய்ய, லயத்து வீடுகளுக்குச் சட்டி சட்டியாய்ப் போயிற்று. வெள்ளையம்மா பெரியம்மா ரெண்டு சட்டியோடு வருவாள். "தொரை ஆட்டுன மாவு மெத்துன்னுதான் இருக்கு. இவனைக் கட்டுனவ குடுத்து வச்சவ" என்பாள். தோட்டம் முழுக்கத் தோசை வாசம். வேலைக்காரருக்குத் துரை மாவாட்டிக் கொடுக்கிற தோட்டம் மலாயாவில் வேறு எங்கும் இருந்திருக்காது. துரையின் முன்னங்கையில் நரம்பு புடைத்தது. சட்டைக் கை இறுக்கமாச்சு.

மைதானத்துக்குப் போய் அடித்தார். பந்து பறந்தது பாரு, ஐயோ, அப்படிப் பறந்தது. ஆனால் நேராகப் பறக்கவில்லை. இடப்பக்கமாக வளைந்து ரப்பர்க் காட்டுக்குள் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. வலது கையில் மட்டும் பலம் ஏறி, இடது கை பழைய அகப்பைக் காம்பாகவே இருந்தால் குச்சி எப்படி நேராக வரும்? துரை யோசித்தார். பங்களாவுக்கு வந்தார். கல்லின் முன் உட்கார்ந்தார். இடது கையால் குழவியைப் பிடித்தார். பிடித்து இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"தொரை, அப்படி ஆட்டக் கூடாது" என்றேன்.

"ஏன்? வலது கை வலது பக்கம் சுத்துச்சு. பந்து இடது பக்கம் போச்சு. இப்ப இடது கை இடது பக்கம். பந்து நேரா போகும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளையம்மா பெரியம்மா சட்டியோடு வந்தாள். பார்த்தாள். சட்டியைக் கீழே வைக்கவில்லை, இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா தங்கராசு. சோத்துக்கை இல்லாம பீச்சாங்கையால, அதுவும் இடம்புரியா. எவன் வீட்டு எழவுக்குடா ஆட்டுறீங்க?"

"தொரைக்குத் தெரியாது பெரியம்மா."

"தொரைக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? உங்கம்மா ஆட்டுன கல்லுடா அது."

அவள் போனாள். அன்றைக்கு அந்தி சாய்வதற்குள் லயம் முழுக்கச் சேதி போயிற்று. மறுநாள் முதல் ஒரு சட்டி கூட வரவில்லை. கருமாதிக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றிய மாவை எவன் தின்பான். துரை மட்டும் விடவில்லை. ஒரு நாள் வலக்கை, ஒரு நாள் இடக்கை. மாவு பானை பானையாய்ப் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது, குசினித் தரையில் நடந்தது. ஆ செங் துடைப்பமும் கையுமாக நின்று சீன மொழியில் நெடுநேரம் பேசினார். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஆட்டுக்கல்லைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான் பேசினார்.

நேற்றுப் பந்தயம். கோப்பைக்காக நம் துரைக்கும் ஹாக்கின்ஸுக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன், துரை அடித்தார், பந்து போச்சு, நேரா போச்சு, தூரமா போச்சு. ஹாக்கின்ஸ் முகம் புளிச்ச மாவு மாதிரி ஆச்சு. கடைசிக் குழியில் இரண்டு பேரும் சமம். நம் துரையின் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு சாண்தான். குழந்தை கூடத் தள்ளிவிடும். ஆனால் அவர் கையைப் பார்த்தேன், நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு குச்சியைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருந்தார். அந்தக் கையால் அடித்தால் பந்து ஆற்றைத் தாண்டும். எனக்கு உன் குரல்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் கல்லை வழிக்கும்போது நான் நகத்தால் பறண்டுவேன், நீ கத்துவாய். அதையே அவர் காதருகே சொன்னேன். "தொரை, மாவை வழிக்கிற மாதிரி. கல்லைத் தொடாதீங்க. மாவை மட்டும் தொடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. தொட்டார். பந்து உருண்டு, குழி விளிம்பில் நின்று யோசித்து, உள்ளே விழுந்தது.

இப்போது சொல்லு அக்கா. துரை சந்தோஷத்தில் என்னை மைதானத்து மண்டோராகப் போட்டுவிட்டார். புல் வெட்டுகிற ஆட்களுக்கெல்லாம் நான்தான் மேல். நிரந்தர வேலை, தனி அறை, தொப்பி. 'இவன் எதிலேயும் ஒரு வருஷம் நிக்க மாட்டான்' என்று நீ சொன்னதை இனி வாபஸ் வாங்கலாம். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். அடுத்த மாதம் விடுமுறைக்குச் சீமை போகிறார், கல்லையும் கொண்டு போகணுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் நானும் சிங்கப்பூருக்குப் போகிற ஜொகூர்ப் பாலத்தைக்கூடத் தாண்டியதில்லை, கல்லாவது சீமையைப் பார்க்கட்டும். ஊரில் கேட்டால் பெருமைதானே. தம்போயில் சீனன் கடையில் நல்ல ஆட்டுக்கல்லே கிடைக்கும் என்று கேள்வி. கல்லை மறந்துவிடு. இது என் எதிர்காலம். முதல் தடவையாக எனக்கு ஒன்று வந்திருக்கிறது.

சின்னவளுக்கு என் ஆசீர்வாதம், அவள் கன்னத்துக்கு ஒரு கிள்ளு. அத்தானுக்கு நமஸ்காரம், இவ்வளவு தூரம் வாசித்த தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர் கொடு. உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். மாரியம்மாள் உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதல் இல்லாத தம்பி, ஆனால் இப்போது மண்டோர்,
தங்கராஜு.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. அதை நம்ப வேண்டாம். இதை லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து குலுங்கினால் ரோட்டைத் திட்டு.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பங்களாவுக்குப் போனேன். தச்சன் பெட்டி அடித்துக்கொண்டிருந்தான். சின்னப் பெட்டி. "தொரை, கல்லு இதுல போகாதே" என்றேன்.

"கல்லு வேணாம். குழவி மட்டும் போதும். கல்லு இங்கே வராந்தாவிலே, பூச்செடி வைக்கறது."

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும், தொரை. தனியா இருந்தா மாவு எப்படி ஆட்டுறது?"

"மாவு எனக்கு எதுக்கு? நான் தோசை தின்னறது இல்லே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. இத்தனை நாளில் அந்த மனுஷன் ஒரு விள்ளல் தோசை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. ஆட்டினார், எழுந்தார், கையைக் கழுவினார். எதிரே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் உன்னோடுதான் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

"கல்லு எங்க அக்காவுது. நாளைக்கு லாரியில போகுது" என்றேன்.

"நீ நேத்து சரி சொன்னே."

"நேத்து சொன்னேன். இன்னிக்கு இல்லேங்கிறேன்."

"மண்டோர் வேலை?"

"வேற ஆளைப் பாருங்க தொரை."

காலையில் ஐயாசாமி அண்ணன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்லைத் தூக்க ஆள் கூப்பிட்டால் ஒருவனும் வரவில்லை. இடம்புரியாகச் சுற்றிய கல்லை எவன் தொடுவான். "நான் வண்டிதான் ஓட்டுவேன் லா, தம்பி. அதைத் தொட மாட்டேன்" என்றார் அண்ணன். நான் ஒருத்தன் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆ செங் குசினி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார். அப்போது படி இறங்கி வந்தது யார் என்கிறாய். துரை. சட்டைக் கையை மடித்துவிட்டார். குனிந்தார். நாலு பேர் தூக்கிய கல்லைத் தனி ஆளாய் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி லாரியில் வைத்தார். மூச்சு வாங்கவில்லை. தன் மணிக்கட்டைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "உன் அக்காகிட்டே சொல்லு. நல்ல கல்லு" என்றார். அப்புறம் கை கழுவப் போய்விட்டார். குழவியை நான் தூக்கி வைத்தேன்.

ஆக, கல் வருகிறது, வேலை போய்விட்டது, தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் காட்டினால் போதும் என்று வெள்ளையம்மா பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள், அம்மாவின் கல் தோட்டத்தை விட்டுப் போவதில் அவளுக்கும் மனசில்லை. தபாலில் போட்டால் இது எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் வாசலில் விளையாடுகிற சின்னவள் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவதாக இருக்கிறேன்.

அத்தான் இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரம், நான் வெளியே லாரிக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அக்கா, அரிசி ஊறப் போடு. தள்ளிவிட ஆள் வந்தாச்சு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள் என்று அத்தான் ஒரு குரல் கொடுத்தால் உள்ளே வருகிறேன்.